கொலை மர்ம போர்டு கேமைக் குழுவாக விளையாடிய அனுபவம் உண்டா? எந்த கேம், எப்படி இருந்தது?

உண்டு. லீவு நாட்களில் எங்கள் வீட்டில் கூட்டம் சேர்ந்தால் இப்போதெல்லாம் முதலில் பிரிப்பது 'டிசெப்ஷன்: மர்டர் இன் ஹாங்காங்' பெட்டியைத்தான். டோபி ஹோ என்பவர் வடிவமைத்தது. ஹாங்காங்கின் ஜாலி திங்கர்ஸ் நிறுவனம் 2014-இல் 'சிஎஸ் ஃபைல்ஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது. பிறகு அமெரிக்காவின் கிரே ஃபாக்ஸ் கேம்ஸ் இந்தப் பெயரில் ஆங்கிலத்தில் வெளியிட்டது. 4 முதல் 12 பேர் வரை ஆடலாம், ஓர் ஆட்டம் சுமார் 20 நிமிடம். உங்கள் கூட்டத்தில் பேசத் தயங்குகிறவர் ஒருவராவது இருந்தால், நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

ஆளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு நமக்குப் புதிதல்ல. ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுவோம். போலீஸ் சீட்டு வந்தவர் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத் திருடன் யாரென்று சொல்ல வேண்டும். 1986-இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழக உளவியல் துறையில் திமித்ரி டேவிடோஃப் உருவாக்கிய மாஃபியா விளையாட்டும், 1997-இல் ஆண்ட்ரூ பிளாட்கின் அதையே ஓநாய் மனிதர் கதையாக மாற்றிய வேர்வுல்ஃபும் அடிப்படையில் இதே முகம் பார்க்கும் வேலைதான். அதில்தான் எனக்குக் குறை. சிரித்தவரும் மாட்டுவார், சிரிக்காதவரும் மாட்டுவார். கூச்ச சுபாவம் உள்ளவர் வாயைத் திறக்கவே இல்லை என்பதே அவர்மீது குற்றச்சாட்டாகிவிடும். முதல் சுற்றிலேயே 'செத்துப்போன' பிள்ளை ஆட்டம் முடியும்வரை ஓரமாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மறுபக்கம் க்ளூடோ என்ற போர்டு கேம். பிரிட்டனில் 1949-இல் விற்பனைக்கு வந்தது. 6 ஆட்கள், 6 ஆயுதங்கள், 9 அறைகள், ஆக 324 சேர்க்கைகளில் ஒன்றுதான் விடை. அங்கே தடயம் உண்டு, பொய் கிடையாது. கொலைகாரர் உறைக்குள் இருக்கும் ஓர் அட்டை மட்டுமே.

டிசெப்ஷனில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. தடயம் மேஜைமேல் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கிறது, பொய் சொல்கிறவர் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஒருவர் தடயவியல் நிபுணர். அவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் எல்லோரும் துப்பறிவாளர்கள், ஆனால் அவர்களில் ஒருவர்தான் கொலைகாரர். ஒவ்வொருவர் முன்னும் நான்கு நீல அட்டை, நான்கு சிவப்பு அட்டை திறந்தபடி இருக்கும். நீலம் கொலை செய்த விதம்: தலையணை, செங்கல், கத்தரிக்கோல், பூச்சிக்கொல்லி மாதிரி. சிவப்பு, சம்பவ இடத்தில் கிடைத்த தடயம். எல்லோரும் கண்ணை மூடியதும் கொலைகாரர் மட்டும் கண் திறந்து, தன் அட்டைகளில் ஒரு நீலத்தையும் ஒரு சிவப்பையும் தொட்டுக் காட்டுவார். நிபுணர் அதைப் பார்த்துக்கொள்வார். எட்டுப் பேர் ஆடினால் சந்தேகத்துக்குரியவர்கள் ஏழு பேர், ஆளுக்கு நான்கு பெருக்கல் நான்கு, ஆக 112 சேர்க்கைகள்.

இனி நிபுணர் வாய் திறக்கக் கூடாது, ஜாடை காட்டவும் கூடாது. அவர் கையில் புல்லட் வடிவத்தில் ஆறு மரக்கட்டைகள், முன்னால் ஆறு டைல்கள். ஒவ்வொரு டைலிலும் ஆறு சொற்கள் இருக்கும். மரணத்தின் காரணம் என்றால் மூச்சுத் திணறல், பலத்த காயம், ரத்தப்போக்கு, நோய், விஷம், விபத்து. இந்த டைலும் கொலை நடந்த இடமும் எப்போதும் உண்டு. மற்ற நான்கும் குலுக்கலில் வருபவை: வானிலை, இறந்தவரின் தொழில், கொலை நடந்த நேரம், உடலின் நிலை என்று என்ன வேண்டுமானாலும் வரலாம். ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லின்மேல் கட்டையை வைத்தாக வேண்டும். சம்பந்தமே இல்லாத டைல் வந்தாலும் எதையாவது தேர்ந்தெடுத்தே தீர வேண்டும்.

இந்தக் கட்டாயம்தான் ஆட்டத்துக்கே உயிர். எந்தக் கட்டை நிஜமான தகவல், எது வேறு வழியில்லாமல் வைத்தது என்று மற்றவர்கள் பிரித்துப் பார்க்க வேண்டும். எதை முதலில் வைத்தார், எதில் தயங்கினார் என்பதையும் கவனிப்பார்கள். பிறகு ஆளுக்கு 30 விநாடி, தன் ஊகத்தைச் சொல்லலாம். அடுத்த சுற்றில் நிபுணர் ஒரு டைலை எடுத்துவிட்டுப் புதியது ஒன்றை வைப்பார். மொத்தம் மூன்று சுற்று. ஒவ்வொருவரிடமும் ஒரு பேட்ஜ் இருக்கும். அதைக் கொடுத்து 'இவர், இந்த ஆயுதம், இந்தத் தடயம்' என்று மூன்றையும் சரியாகச் சொல்ல வேண்டும். ஒன்று தவறினாலும் நிபுணர் 'இல்லை' என்று மட்டுமே சொல்வார், எது தவறு என்று சொல்ல மாட்டார். பேட்ஜ் போனாலும் தொடர்ந்து பேசலாம். யாரும் ஆட்டத்தைவிட்டு வெளியே போவதில்லை.

பொங்கல் லீவில் நடந்த ஓர் ஆட்டத்தைச் சொன்னால் புரியும். நிபுணர் நான். கொலைகாரர் எங்கள் சித்தப்பா. அவர் தேர்ந்தெடுத்தது தலையணையும் செய்தித்தாளும். காரணம் மூச்சுத் திணறல், இடம் படுக்கையறை. இதோடு தலையணைப் பக்கம் வழி திறந்துவிட்டது. செய்தித்தாளை எப்படிச் சொல்வது? நேரம் என்ற டைல் வந்திருந்தது, 'காலை' என்று வைத்தேன். தொழில் டைலில் 'ஓய்வுபெற்றவர்'. வானிலைக்கு எதுவும் பொருந்தவில்லை, கடைசியாக 'வறண்ட' என்பதன்மேல் கட்டையை வைத்தேன்.

அண்ணி முன்னால் பெல்ட்டும் மாத்திரையும் இருந்தன. ரிட்டயர் ஆனவர், காலை, படுக்கையறை, பெல்ட்டால் கழுத்தை நெரிப்பது என்று எல்லாம் பொருந்தியதும் மேஜை முழுக்க அண்ணி பக்கம் திரும்பியது. சித்தப்பா ரொம்ப அமைதியாக, "மாத்திரை காலைலதானேம்மா போடுவாங்க" என்று ஒரே ஒரு வரி சொன்னார். அண்ணன் உடனே பேட்ஜைக் கொடுத்து அண்ணி பெயரைச் சொன்னார். நான் 'இல்லை' என்றேன். ஆள் தப்பா, ஆயுதம் தப்பா, தடயம் தப்பா என்று யாருக்கும் தெரியாது. அதனால் அண்ணிமேல் சந்தேகம் அப்படியே நின்றது.

இரண்டாவது சுற்றில் வானிலையை எடுத்துவிட்டு 'விட்டுச் சென்ற தடயம்' என்ற டைலை வைத்தேன். அதில் 'எழுதப்பட்டது' என்ற சொல்மேல் கட்டை. எழுத்து உள்ள அட்டைகள் இரண்டே பேரிடம் இருந்தன. சித்தப்பாவிடம் செய்தித்தாள், தம்பியிடம் காதல் கடிதம். அத்தை மகள் பிளஸ் டூ படிக்கிறாள். சொந்தக்காரர்கள் கூடினால் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற பெண். அன்றைக்கு அட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே சொன்னாள்: "ரிட்டயர் ஆனவங்க காலைல எழுந்ததும் காதல் கடிதமா படிப்பாங்க? பேப்பர்தான். மாமா, நீங்கதான். தலையணை, செய்தித்தாள்." பேட்ஜைத் தள்ளிவைத்தாள்.

நான் "ஆமா" என்றதும் எழுந்த சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும்.

மாஃபியாவில் அவள் யார்மீதும் விரல் நீட்டி நான் பார்த்ததில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்து 'நீங்கள் பொய் சொல்கிறீர்கள்' என்று சொல்ல அவளால் முடியாது. அட்டையைப் பார்த்து 'இது பொருந்தவில்லை' என்று சொல்ல முடிந்தது. கவனம் மனிதரிடமிருந்து பொருளுக்கு நகர்ந்ததும் மரியாதை, வயது, உறவு எல்லாம் வழிவிட்டு நிற்கின்றன. இந்த ஆட்டத்தை நான் இவ்வளவு நேசிப்பதற்கு இதுவே காரணம்.

ஆட்டம் அதோடு முடியவில்லை. ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் கூட்டாளி, சாட்சி என்று இரண்டு பாத்திரங்களைச் சேர்க்கலாம். கூட்டாளிக்கு விடை தெரியும், கொலைகாரருக்கு உதவுவார். சாட்சிக்குக் குற்றவாளிகள் இருவரும் யாரென்று தெரியும், ஆனால் அவர்களில் யார் கொலை செய்தது என்று தெரியாது. விடை கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, குற்றவாளிகள் சாட்சியை அடையாளம் காட்டிவிட்டால் வெற்றி அவர்கள் பக்கம் போய்விடும். சித்தப்பாவும் கூட்டாளியான தம்பியும் கலந்து பேசி அத்தை மகளைக் காட்டினார்கள். உண்மையான சாட்சி அண்ணி. அத்தனை பேரும் தன்மேல் பாய்ந்தபோதும், யார் என்று தெரிந்திருந்தும், அந்த இருவர் பெயரையும் சொல்லாமல் தாங்கிக்கொண்டார். குற்றஞ்சாட்டப்படுகிறவரைச் சாட்சி என்று யார் சந்தேகிப்பார்கள்!

ஆடப்போகிறவர்களுக்கு, பழகியதில் தெரிந்த சில விஷயங்கள். நான்கு பேரோடு ஆடினால் சப்பென்று இருக்கும், ஏழு முதல் ஒன்பது பேர்தான் நிறைவு. கண்ணை மூடும் நேரத்தில் கட்டாயம் பாட்டு ஒன்றைச் சத்தமாக ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் அட்டையைத் தொடும் சத்தமும் சட்டை உரசுவதும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டுவிடும். முதல் ஆட்டத்தில் கூட்டாளியும் சாட்சியும் வேண்டாம், ஆளுக்கு மூன்று மூன்று அட்டை போதும். கொலைகாரராக வந்தால், மற்றவர்களிடம் இருக்கும் அட்டைகளுக்கு நெருக்கமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று பேரிடம் கழுத்தை நெரிக்கும் பொருள் இருக்கும்போது நீங்களும் அதையே எடுத்தால் சந்தேகம் பங்கு பிரிந்துவிடும். 30 விநாடி விதியை விட்டுவிடாதீர்கள். சத்தமாகப் பேசுகிற ஒருவர் மேஜையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதை அதுதான் தடுக்கிறது.

நீல, சிவப்பு அட்டைகளில் படம் உண்டு, ஆங்கிலம் வராதவர்களும் ஆடலாம். டைல்களில் வெறும் சொற்கள்தான். அதனால் நாங்கள் எல்லா டைல்களையும் தமிழில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுகிறோம். பெரியம்மா அதற்குப் பிறகுதான் எங்களோடு உட்கார ஆரம்பித்தார். இப்போது நிபுணராக அவரைவிட அழுத்தமாக முகத்தை வைத்துக்கொள்கிறவர் எங்கள் வீட்டில் இல்லை.

பெட்டி கிடைக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டைக் கிழித்து, ஒரு கட்டில் கொலை செய்யக்கூடிய விதங்கள் ஐம்பது, இன்னொரு கட்டில் வீட்டிலும் தெருவிலும் கிடக்கும் பொருட்கள் நூறு எழுதுங்கள். மரணத்தின் காரணத்துக்கும் இடத்துக்கும் தனித்தனியாக ஒரு தாள், நேரம், தொழில், உறவு, நோக்கம், உடல் நிலை என்று இன்னும் பத்துத் தாள்கள், ஒவ்வொன்றிலும் ஆறு சொற்கள். கட்டைக்குப் பதில் புளியங்கொட்டை வைத்தாலும் ஆட்டம் நன்றாகவே ஓடும்.