உறவினர் திருமணத்துக்குப் போவது விசுவாசத்தை மறைப்பதாகாது

போங்கள், முதல் நாளே போய்ப் பந்தல் வேலையிலும் பந்தியிலும் கை கொடுங்கள். ஞானஸ்நானத்துக்குப் பின் பேச்சை நிறுத்திவிட்ட உறவினர் நடுவே, பெரியப்பா மகள் திருமணத்துக்குப் போனால் விசுவாசத்தை மறைத்ததாகுமோ என்று கேட்டிருந்தீர்கள். விசுவாசியல்லாதவர் விருந்துக்கு அழைத்தால் போய்ப் பரிமாறியதை உண்ணலாம், விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவர் சொன்னால் மட்டும் தவிர்க்க வேண்டும் என்று 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்தில் பவுல் தெளிவாகவே எழுதியிருக்கிறார். திருநீறு நீட்டப்பட்டால் கைகூப்பி, "மன்னியுங்கள் சித்தி, நான் பூசுவதில்லை" என்றால் போதும்; அங்கே விளக்கம் வேண்டாம்.

நீங்கள் மூத்த மகன் என்பதால், தமக்குக் கொள்ளி வைக்க ஆளில்லாமல் போகுமோ என்ற அச்சமே உங்கள் தந்தையின் கோபத்துக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அப்பா எதற்குப் பயப்படுகிறார் என்று அம்மாவிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். பதில் அதுவேயானால், எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய இயலாது என்பதை உங்கள் போதகரோடு பேசி முடிவுசெய்து, அப்பாவிடம் நேரில் சொல்லிவிடுங்கள். பல வீடுகளில் இந்த ஒரு பேச்சைத் தள்ளிப்போட்டே பிளவு ஆழமாகிறது.

ஒன்றைக் கவனியுங்கள்: உங்களிடம் இருப்பது பட்டியல் சாதிச் சான்றிதழ் என்றால், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராக மாறியவருக்கு அது பொருந்தாது. தமிழ்நாட்டில் அவ்வாறு மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். வேலைக்குப் பழைய சான்றிதழைக் காட்டாமல், வட்டாட்சியர் அலுவலகத்தில் புதிதாக விண்ணப்பியுங்கள்.