பேச வேண்டாத படிப்பு

“அதிகம் பேச வேண்டியிராத படிப்பாக ஒன்று சொல்லுங்கள்” என்று கூச்சப்படும் 16 வயது மகனுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு பட்டியலை நான் தரப்போவதில்லை. நாள் முழுக்கக் கணக்கோடு மட்டும் உறவாடுபவர்கூட, கணக்கு உதைத்தால் எழுந்துபோய் மேலாளரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு பரு வந்தால் ஊரே அதைப் பார்ப்பதாகத் தோன்றும் வயது இது. டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-இல் இதற்குக் ‘கற்பனைப் பார்வையாளர்கள்’ என்று பெயர் வைத்தார். 2000-இல் தாமஸ் கிலோவிச் குழுவினர் வெளியிட்ட சோதனை ஒன்றில், கல்லூரி மாணவர்களுக்கு வெட்கம் தரும் படம் போட்ட டி-சர்ட்டை மாட்டி, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று டி-சர்ட் போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப்பேர்தான்.

கூச்சம் பலருக்கு வயதோடு தணிந்துவிடும். அதை மறைக்கப் பழகிய தந்திரங்கள்தான் லேசில் போவதில்லை. ஒரு பெண் நேர்முகத் தேர்வுப் பயிற்சிக்கு வந்தார். சிரிக்கும்போதெல்லாம் கை வாயை மூடிக்கொண்டது. பள்ளி நாளில் பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தாராம். கம்பியைக் கழற்றி ஒன்பது ஆண்டுகள் ஆகியும் கைக்குச் சேதி போய்ச் சேரவில்லை.

என் கதையும் அதேதான். 14 வயதில் குரல் உடைந்தபோது பாடம் வாசித்தேன். வகுப்பு சிரித்தது, ஆசிரியரும் சிரித்தார். பிறகு என் முறை வர எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி, சரியான நேரத்தில் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்பேன். தப்பித்ததும் வரும் நிம்மதி இருக்கிறதே, அதுதான் பழக்கத்துக்கு உரம். வாசித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் அதோடு போய்விடும். பேசிப் பிழைக்கும் நான் இன்றும் கூட்டங்களில் கதவோரத்து நாற்காலியைத்தான் தேடுகிறேன்.

அதனால் மகனிடம் ஒன்று கேளுங்கள்: “யாரும் பார்க்கப் போவதில்லை என்றால் எதைப் படிப்பாய்?” அப்போதும் அதிகம் பேச வேண்டாத படிப்பையே சொன்னால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்; தனிமையில் வேலை செய்யப் பிடிப்பது குறையல்ல. பதில் மாறினால், இத்தனை நாள் படிப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது கூச்சம்.

வருகிறவர்களிடம் “இவன் கூச்ச சுபாவம்” என்று அறிமுகப்படுத்துவதை இன்றோடு நிறுத்துங்கள். அவனைக் கேட்டால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். திடீரென மேடையில் ஏற்றிவிடவும் வேண்டாம். தெரிந்த ஒருவர் முன், பிறகு நாலு பேர் முன் என்று போகட்டும். பள்ளிக்கே போக மறுக்கிறான், பிறர் முன் சாப்பிடவும் தயங்குகிறான் என்றால் மட்டும் தாமதிக்காமல் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்த சந்திப்புக்கு நேரம் கேட்டு அவனே எனக்குத் தொலைபேசியில் பேசட்டும். முதல் அரை நிமிடம் குரலே வராவிட்டாலும் நான் இணைப்பைத் துண்டிக்க மாட்டேன்.