சுண்ணாம்பு பட்ட கண்ணும் ஸ்டெம் செல்லும்

கேள்வி: தில்லி ஆர்.கே.புரத்தில் வசிக்கிறோம். கட்டட வேலை பார்க்கும் என் தம்பியின் வலக்கண்ணில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சுண்ணாம்பு தெறித்தது. தானமாகக் கிடைத்த கருவிழியைப் பொருத்தியும் சில மாதங்களில் மங்கிவிட்டது. ஸ்டெம் செல் சிகிச்சை அவனுக்கு உதவுமா? என் கணவருக்கு ரெடினைடிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய். தனியார் மையம் ஒன்றில் கண்ணுக்குள் ஸ்டெம் செல் ஊசி போடப் பெருந்தொகை கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: சகோதரி, தம்பிக்கு வாய்ப்பு உண்டு; கணவருக்கு அந்த ஊசி வேண்டாம்.

கருவிழியின் மேல்தோலை ஓயாமல் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் (புதுச் செல்களை உண்டாக்கும் மூலச் செல்கள்), கருவிழியும் வெண்விழியும் கூடும் லிம்பஸ் என்ற விளிம்பில் இருக்கின்றன. சுண்ணாம்பு காரப் பொருளாதலால், பட்ட இடத்தோடு நில்லாமல் உள்ளே ஊறி அச்செல்களைப் பொசுக்கிவிடும். பிறகு வெண்விழியின் தோல் இரத்தக் குழாய்களோடு கருவிழிமீது படரும். தானக் கருவிழியில் பொதுவாக நடுப்பகுதியை மட்டுமே பொருத்துவதால், விளிம்புச் செல்கள் அதனுடன் வருவதில்லை. தம்பிக்குப் பொருத்தியது மங்கியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். (சுண்ணாம்பு தெறித்தால் மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன், அந்த நொடியிலேயே நல்ல நீரால் நெடுநேரம் கழுவ வேண்டும் என்பதை அவருடன் வேலை செய்வோரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.)

இச்செல்களை ஆய்வகத்தில் வளர்த்துக் கண்ணில் பொருத்திய முடிவுகளை இத்தாலிய ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்டனர். ஆய்வகமே தேவைப்படாத எளிய முறை ஒன்றை, ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தின் டாக்டர் வீரேந்தர் சங்வான் குழுவினர் 2012இல் வெளியிட்டனர். நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் அளவே திசு எடுத்துச் சிறு துணுக்குகளாக்கி, பாதிக்கப்பட்ட கருவிழிமீது விரித்த பனிக்குடச் சவ்வின்மேல் (கருவிலுள்ள குழந்தையைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய உறை) பசை கொண்டு ஒட்டுவார்கள். அவை பரவிப் புதுத் தோலாகும். சொந்தச் செல்கள் என்பதால் உடல் நிராகரிக்காது. ஆழத்தில் தழும்பு இருந்தால், அதன்பின் செய்யும் கருவிழி மாற்று நிலைக்கும் வாய்ப்பு கூடும். ஆனால், இடக்கண் நலமாக இருக்க வேண்டும். வலக்கண்ணின் பார்வை நரம்பு கெட்டிருந்தால் தோல் சீரானாலும் பார்வை வராது. எய்ம்ஸ் வளாகத்திலுள்ள டாக்டர் ராஜேந்திர பிரசாத் மையத்தின் கருவிழிப் பிரிவில் காட்டுங்கள்.

கணவரின் நோயில் அழிபவை, நரம்போடு பின்னிக் கிடக்கும் ஒளியுணர் செல்கள். கொழுப்பிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ எடுத்த செல்களை ஊசியால் செலுத்தினால் அவை அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும் என்பதற்குச் சான்றில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், விழித்திரை நோயுள்ள மூன்று பெண்கள் பணம் கட்டி இரு கண்களிலும் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்டு, இருந்த பார்வையையும் பெருமளவு இழந்தது 2017இல் மருத்துவ இதழில் பதிவாயிற்று. அதை நினைத்தே இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல்படி இத்தகைய ஊசி பதிவுபெற்ற ஆய்வில் மட்டுமே இடம்பெறலாம். ஆய்வில் பங்கேற்பவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. பணம் கேட்கிறார்கள் என்பதே நீங்கள் விலகப் போதுமான காரணம்.

தம்பியுடன் செல்லும்போது கணவரையும் விழித்திரைப் பிரிவில் காட்டி, மரபணுப் பரிசோதனை பற்றியும் எஞ்சிய பார்வைக்கு ஏற்ற உதவிக் கருவிகள் பற்றியும் கேளுங்கள்.