தாத்தா துப்பாக்கியில் ஸ்பிரிங் ஒடிந்தால்: சரிசெய்வதா, புதுசு வாங்குவதா?

கேள்வி: அண்ணாச்சி, எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் மலையடிவாரத்தில் நெல்லும் வாழையும் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்காகத் தாத்தா வாங்கிய இங்கிலாந்து இரட்டைக்குழல் துப்பாக்கி இப்போது அப்பா லைசென்ஸில் இருக்கிறது. குதிரை இரண்டும் (தோட்டாவை வெடிக்க வைக்கச் சுத்தியல் மாதிரி அடிக்கிற பாகம்) வெளியே தெரிகிற பழைய மாடல். அப்பாவுக்கு 72 வயது. 2024 தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கிய பிறகு இடது குதிரை தொளதொளவென்று கிடக்கிறது. குதிரையைத் தள்ளி அடிக்க வைக்கிற மெயின் ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறதாம். கட்டையிலும் கை பிடிக்கிற இடத்தில் மெல்லிய கீறல். கடையில், "இதற்குப் பார்ட்ஸ் வராது, எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுசு எடுங்கள்" என்கிறார்கள். பக்கத்து ஊர் லேத்துக்காரர் வெல்டு வைத்துத் தருகிறேன் என்கிறார். எது சரி? வலது குழல் வெடிக்கிறது, அதுவரை அதை மட்டும் பயன்படுத்தலாமா?
ஒரு விவசாயி, அம்பாசமுத்திரம் வட்டம்

பதில்: நீங்கள் ஸ்பிரிங்கைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் குழலில் இருந்து தொடங்குகிறேன். ஸ்பிரிங் ஒடிந்தால் துப்பாக்கி வெடிக்காமல் போகும். குழலோ, குழல் வந்து பூட்டுகிற இடமோ கைவிட்டால் பிடித்திருப்பவர் கை போய்விடும். குழல் தேறினால் ஸ்பிரிங்குக்குத் தாராளமாகச் செலவு செய்யலாம். தேறாவிட்டால் ஸ்பிரிங் சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, அப்பாவை வைத்துக்கொண்டு முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியே எடுங்கள். பின்பக்கக் கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, விரல் மொட்டால் சுண்டுங்கள். காருகுறிச்சியில் பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதே காதுதான் இங்கேயும் வேண்டும். மணி மாதிரி நீளமாக ஒலித்தால் இரண்டு குழலையும் இணைக்கிற பட்டை இறுக்கமாக இருக்கிறது. சப்பென்றோ கரகரவென்றோ கேட்டால் ஈயப் பற்று எங்கோ விட்டிருக்கிறது. அப்புறம் வெளிச்சத்தைப் பார்த்துக் குழலுக்குள் நோக்குங்கள். உள்ளே வளையம் வளையமாக விழுகிற நிழல் சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே நசுங்கலோ உப்பலோ உண்டு. நசுங்கலை நல்ல கைவினைஞர் எடுத்துவிடுவார். உப்பலும் ஆழமான துருக்குழியும் அப்படி இல்லை, அந்தக் குழலுக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டியதுதான்.

குழலின் அடிப்பக்கம் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். அவை குழலைச் சோதித்துக் குத்திய அடையாளம். பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-இல் இருந்து இந்த வேலையைச் செய்கிறது. ஆங்கிலத்தில் 'நைட்ரோ புரூஃப்' என்ற எழுத்து இருந்தால் இன்றைய புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்த குழல். அது இல்லாமல், குழல் மேலே மரத்தின் ரேகை மாதிரி அலையலையாக வரி ஓடினால் அது டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். இரும்புப் பட்டியையும் எஃகுப் பட்டியையும் முறுக்கிச் சுற்றி, காய்ச்சி அடித்துச் செய்தது. பார்க்க அவ்வளவு அழகு. புகை கக்கும் பழைய கருமருந்துக் காலத்துச் சரக்கு அது, இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது. சுவரில் மாட்டி வைக்கலாம், லைசென்ஸோடுதான்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் தோட்டா அறை 65 மில்லிமீட்டர். இப்போது கடையில் பரவலாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா. தோட்டாவின் அளவைச் சொல்வது வெடித்து வாய் விரிந்த பிறகுள்ள நீளத்தை வைத்து. ஆகவே நீளமான தோட்டாவும் சின்ன அறைக்குள் சுகமாகப் போய் உட்காரும். வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். 'உள்ளே போகிறதே' என்று நம்பிவிடாதீர்கள். அறை எவ்வளவு என்று அளந்து எழுதி வாங்குங்கள்.

குழல் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சரி, ஸ்பிரிங்குக்கு வருவோம். உங்கள் துப்பாக்கியில் இருப்பது வி வடிவத் தகட்டு ஸ்பிரிங்காக இருக்கும். ஒடிவது பெரும்பாலும் அந்த வளைவில்தான். அங்கே நுண்ணிய துருக்குழி ஒன்று விழுந்தால் போதும், வருஷக்கணக்கில் மடங்கி மடங்கி ஒருநாள் டக்கென்று போகும். ஆகவே ஸ்டேஷனில் யாரோ ஒடித்தார்கள் என்று மனம் புழுங்க வேண்டாம். அடுத்த முறை ஒப்படைக்கும்போது குதிரைகளை இறக்கிவிட்டு, எண்ணெய்த் துணியால் துடைத்து, ரசீதில் 'நல்ல நிலையில்' என்று எழுதி வாங்குங்கள்.

வெல்டு வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங்கின் உயிர் அதன் பதத்தில் இருக்கிறது. வெல்டு சூட்டில் பதம் போய்விடும், அதே இடத்தில் மறுபடி ஒடியும். புது ஸ்பிரிங் எஃகில் செய்து, காய்ச்சித் தோய்த்துப் பதம் ஏற்றிப் பொருத்துவதுதான் வழி. 'பார்ட்ஸ் வராது' என்று கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. இந்தத் துப்பாக்கிகள் ஒவ்வொன்றும் அரத்தால் ராவிப் பொருத்தியவை. அதே கம்பெனி ஸ்பிரிங் கிடைத்தாலும் நேராக உட்காராது, இடது குதிரையின் பொறிக்கு உள்ளது வலதுக்கும் ஆகாது. புதிதாகச் செய்ய முடியுமா என்று கேட்டால், கை தேர்ந்தவருக்கு முடியும். ஒடிந்த துண்டுகள் இரண்டையும் தொலைக்காதீர்கள், அவைதான் அவருக்கு அச்சு.

கட்டைக் கீறல் இப்போதே பார்க்க வேண்டியது. உதை முழுவதும் அந்த ஒடுங்கிய இடத்தில்தான் இறங்குகிறது. பழைய கட்டை எண்ணெய் குடித்திருக்கும், அதன் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. எண்ணெயை இழுத்தெடுத்த பிறகுதான் ஒட்ட வேண்டும். ஆணி அடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். கீறல் மறுபக்கம் வரை ஓடியிருந்தால் புதுக் கட்டைதான். மற்றபடி ஒட்டினாலே போதும்.

இதையெல்லாம் யாரிடம் செய்வது? லேத்துக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முடியாது. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுது பார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் அப்பா பேரில் இருப்பதால் அவரே அலைய வேண்டியதில்லை. பழுது பார்க்கவோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ, அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு நீங்கள் துப்பாக்கியைக் கொண்டுபோகச் சட்டத்தில் இடம் இருக்கிறது. லைசென்ஸையும் கையில் வைத்திருங்கள். கடையில் துப்பாக்கி எண், தேதி, என்ன வேலை, எவ்வளவு ரூபாய் எல்லாம் போட்டு ரசீது வாங்குங்கள்.

பாலிஷ் மட்டும் வேண்டாம் என்று அதே ரசீதில் எழுதச் சொல்லுங்கள். என் பெரியப்பா துப்பாக்கியை ஒரு கடையில் தோட்டாவைக் குத்துகிற ஊசியை மாற்றக் கொடுத்தோம். கேட்காமலே குழலைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கித் தந்தார்கள். முத்திரை போயிற்று, எண்ணும் பாதி மங்கிவிட்டது. அடுத்த புதுப்பித்தலில் எண்ணைப் படிக்க முடியவில்லை என்று பெரியப்பா அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. குழல் நுனியை வெட்டிச் சீராக்குகிறேன் என்றாலும் சம்மதிக்காதீர்கள், குழலைக் குட்டையாக்குவது குற்றம்.

எக்ஸ்சேஞ்ச் விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகும் ஒருவர் இரண்டு துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். புதுசுக்கு அனுமதி கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்காகப் பழசைக் கொடுத்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. குழல் நன்றாக உள்ள பழைய இங்கிலாந்துத் துப்பாக்கியைக் கழிவு விலைக்குக் கேட்டால், அந்த விலையை எழுதித் தரச் சொல்லி இன்னொரு கடையிலும் காட்டுங்கள். அப்பா எழுபதைத் தாண்டிவிட்டதால், 2016 ஆயுத விதிகளின்படி வாரிசாக உங்கள் பேருக்கு லைசென்ஸ் கேட்டு இப்போதே விண்ணப்பிக்கலாம். பெரிய செலவுக்கு முன் அதை முடித்துவிடுவது நல்லது.

வலது குழலை மட்டும் வைத்து ஓட்டலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். கீறல் விட்ட கட்டைக்கு எந்தக் குழல் வெடித்தாலும் ஒரே உதைதான், குழலையும் இன்னும் யாரும் பார்க்கவில்லை. அதுவரை பயிரில் இறங்கும் காட்டுப் பன்றிக்கு வெடிச் சத்தமும் விளக்கும் வைத்துச் சமாளியுங்கள். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் இருந்தாலும் பன்றியைச் சுட்டுவிட முடியாது, 1972 வனவிலங்குச் சட்டம் தனியாக நிற்கிறது. துப்பாக்கியைத் துடைத்து, குழல் வாய் கீழே பார்க்க வைத்துப் பூட்டுங்கள். அப்போதுதான் எண்ணெய் கட்டைக்குள் இறங்காது.