பழைய ஆற்றோர மீன்துறையில் வேலை செய்த யாராவது இருக்கிறீர்களா? அங்கே வேலை எப்படி நடந்தது?

நான் செய்திருக்கிறேன். இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், பேராறு நந்திக்கடல் என்ற களப்பில் (கடலோரக் காயலில்) வந்து விழுகிற பக்கத்தில் இருந்த ஒரு சின்னத் துறையில், 1993 முதல் 1999 வரை. சேரும்போது எனக்கு 15 வயது. துறை என்றதும் கல்லுக் கட்டிய மேடையை நினைக்க வேண்டாம். ஒரு பெரிய பூவரசு, அதன் கொப்பில் தொங்கும் தராசு, கிடுகு வேய்ந்த ஒரு வாடி (மீனவர் குடில்), சேற்றில் ஊன்றிய முளைகளில் கட்டிய வள்ளங்கள். அவ்வளவுதான். சின்னையா அங்கே தொழில் செய்தார். அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தராசடியில் விட்டார். நிறுப்பதும், யாருக்கு எவ்வளவு என்று எழுதுவதும் என் வேலை. கொப்பி கிடைக்காத காலம் என்பதால் தேயிலைப் பெட்டி மட்டையைக் கிழித்து எழுதுவேன்.

அந்த வருடங்களைச் சொல்லாமல் இந்தத் துறையைச் சொல்ல முடியாது. போர்க்காலம். 1990க்குப் பிறகு எங்கள் வன்னிப் பகுதிக்கு அரசின் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. கடலில் கடற்படை, முல்லைத்தீவு நகரத்தில் இராணுவ முகாம். எஞ்சின் பூட்டிய படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. களப்புக்கு எஞ்சின் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் இடுப்பளவு, மிஞ்சினால் நெஞ்சளவு தண்ணீர். மரக்கோலை ஊன்றித் தள்ளினால் வள்ளம் போகும். வள்ளம் இல்லாதவர் இடுப்பில் மீன் போடும் பறியைக் கட்டிக்கொண்டு வீச்சுவலையோடு இறங்கி நடந்தே பிடிப்பார். ஆழ்கடலுக்குப் போய்ப் பழகிய பெரிய தொழிலாளிகள்கூட எங்களோடு சேற்றில் நின்றார்கள். எத்தனையோ வீடுகளில் அப்போது உலை கொதித்தது நந்திக்கடலை நம்பித்தான்.

தடைக்கு முந்திப் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் இறால் பிடித்தவர்கள், எங்கள் காலத்தில் இருட்டில் பிடிக்கப் பழகினார்கள். துறையில் இருந்தது ஒரே ஒரு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது ஊறும் அளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு சின்னத் திரி. தராசின் முள்ளைப் பார்க்க மட்டும் அதைக் கொளுத்துவோம். நிறுத்து முடிந்ததும் ஊதி அணைத்துவிட வேண்டும். மற்றதெல்லாம் காதால்தான். திரளி மீன் துள்ளி விழுகிற சத்தமும் மணலை மீன் கலைகிற சத்தமும் வேறு வேறு. சின்னையா வள்ளத்தில் இருந்தபடியே, “தம்பி, கதையாதை, திரளி வருது” என்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. அந்தக் காது எனக்கு வர இரண்டு வருடம் எடுத்தது.

துறையில் என் மனதுக்கு மிக நெருக்கமான பொருள் ஒரு முளை. வள்ளம் கட்டுகிற முளைகளுக்கு அப்பால், தண்ணீருக்குள் தனியாக நின்றது. அதில் கத்தியால் வெட்டிய கோடுகள் வரிசையாக இருக்கும். பாசி பிடித்து, தடவினால் மட்டும் தெரிகிற கோடுகள். மழை பிடித்து, முத்தையன்கட்டுக் குளம் நிரம்பி வான் பாயத் தொடங்கினால் பேராறு கலங்கிக்கொண்டு வரும், தண்ணீர் ஒவ்வொரு கோடாக ஏறும். வட்டுவாகலில் களப்பின் வாயைக் கடல் மணல் மூடியிருப்பதால் வந்த தண்ணீருக்குப் போக வழியிராது. மற்றக் காலமென்றால் ஆட்கள் போய் மணலை வெட்டி வாயைத் திறந்துவிடுவார்கள். வயல் தண்ணீரில் தாழ்ந்தவர்கள் வேளைக்கே வெட்டச் சொல்வார்கள். எங்கள் ஆட்கள், இன்னும் கொஞ்சம் பொறுங்கோ, இறால் பெருக்கட்டும் என்பார்கள். ஒரே சொந்தக்காரருக்குள் இதனால் பேச்சுவார்த்தை நின்றதும் உண்டு. நான் சேர்ந்த காலத்தில் முகாம் இருந்ததால் அந்தப் பக்கம் போகவே வழியில்லை. தானாக உடைத்தால்தான் உண்டு.

ஒரு மார்கழி விடியல். சின்னையா முழங்காலளவு தண்ணீரில் நின்று முளையைத் தடவினார். இரவு படுக்கும்போது ஆறாவது கோட்டில் நின்ற தண்ணீர் நாலாவதில் நின்றது. “வாய் திறந்திட்டுது” என்றார். அவ்வளவுதான், வாடி முழுக்க எழும்பிவிட்டது. இறால் கடலில்தான் முட்டை போடும். குஞ்சு வாய்வழியாக உள்ளே வந்து களப்பில் வளரும், பெருத்ததும் கடலுக்கே திரும்பப் பார்க்கும். வாய் திறந்து தண்ணீர் வெளியே இழுக்கிற இரவுகளில் அந்த இழுவையோடு கூட்டமாகப் போகும். அதற்குக் குறுக்கே வலை கட்டி நிற்பதுதான் வருடத்தின் பெரிய வேலை. அந்த வாரம் நான் நித்திரை கொண்டதாக நினைவில்லை.

ஐஸ் கிடையாது. சைக்கிள் வியாபாரிகள் முள்ளியவளை, தண்ணீரூற்று, ஒட்டுசுட்டான் என்று ஓடி விற்றது போக மிஞ்சியதை அங்கேயே அவிப்போம். பாதி பரலில் (பீப்பாயில்) உப்புத் தண்ணீர் கொதிக்க, பெரியம்மா ஒருவர் கடகம் கடகமாகக் கொட்டுவார். நீலமும் பச்சையுமாக இருந்த இறால் கண் மூடித் திறக்கச் சிவந்துவிடும். பாயில் காயவைத்து, சாக்கில் போட்டு அடித்து, கோது புடைப்போம். என் கைவிரல் இடுக்கெல்லாம் இறால் முள்ளுக் குத்திப் புண். அதில் உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போய்விடும். சம்பளத்தோடு ஒரு சுண்டு காய்ந்த இறால் தருவார்கள். அம்மா அதை முருங்கை இலையோடு வறுப்பா.

வைகாசி வந்தால் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல். உப்புத் தண்ணீரில் விளக்கெரிக்கிற கோயில் அது. அந்த நாட்களில் எங்கள் துறையில் யாரும் வலை நனைப்பதில்லை. வள்ளங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டு இருப்போம். வலை பின்னுகிற தங்கூசி நூலும் தட்டுப்பாடுதான், ஒரு பழைய வலையைப் பிரித்துத்தான் இன்னொன்றைப் பொத்த வேண்டும்.

1999இல் வேறு வேலைக்குப் போய்விட்டேன். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், அந்தக் களப்புக் கரையில் நடந்ததை இந்தப் பதிலுக்குள் அடக்க எனக்கு மனமில்லை. சின்னையா அதற்குப் பிறகு இல்லை.

மீளக் குடியேறிய பிறகு ஒரு மார்கழியில் போனேன். பூவரசு இல்லை, வாடி இருந்த இடத்தில் பற்றை. முளை மட்டும் நின்றது, மேற்பாதி முறிந்து. இறங்கித் தடவிப் பார்த்தேன். கீழ்க்கோடுகள் மூன்று இன்னும் கையில் பட்டன. தண்ணீர் மூன்றாவதற்கு மேல் நின்றது. வாய் இன்னும் திறக்கவில்லை.