2.9 லிட்டர்தான் வந்தது, நுரையீரல் சின்னதா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 34, உயரம் 157 செ.மீ. வேலையில் சேரும்முன் நடந்த பரிசோதனையில் ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். 2.9 லிட்டர் வந்தது. என் கணவருக்கு 4.6. எனக்கு மூச்சிரைப்போ இருமலோ கிடையாது, இருந்தாலும் பயமாக இருக்கிறது. தினமும் பலூன் ஊதினால் கூடுமா?

பதில்: கணவரின் செருப்பு உங்களுக்குப் பெரிதாக இருப்பதற்காகக் கவலைப்படுவீர்களா? இதுவும் அப்படித்தான். இப்படி ஊதி அளக்கும் கருவியைப் பிரபலமாக்கிய லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன், உயரம் கூடக் கூட இந்த அளவும் கூடுகிறது என்று 1846லேயே எழுதிவிட்டார். வயது, ஆணா பெண்ணா என்பதும் சேர்ந்துகொள்ளும். உங்கள் உயரத்துக்கு 2.9 சாதாரணமான அளவுதான்.

அது நுரையீரலின் மொத்தக் கொள்ளளவும் இல்லை. முழுக்க இழுத்து, முழுக்க ஊதி வெளியே தள்ள முடிந்த காற்று, அவ்வளவுதான். எவ்வளவு ஊதினாலும் ஒரு லிட்டருக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும். ஊதும் கருவியால் அதை அளக்க முடியாது. அது தங்குவது நல்லதற்குத்தான். காலி பலூனில் முதல் ஊது எவ்வளவு கஷ்டம், கொஞ்சம் உப்பிய பிறகு எவ்வளவு சுலபம்! நுரையீரலுக்குள் ஆக்ஸிஜன் ரத்தத்துக்குப் போகும் குட்டிக் காற்றறைகள் ஒட்டிப்போகாமல் காப்பது அந்த மிச்சக் காற்று.

பலூன் ஊதுவதால் லிட்டர் பெரிதாகக் கூடாது. நுரையீரலின் அளவு இருபதுகளிலேயே உச்சத்தைத் தொட்டுவிடும்; பிறகு மெல்லக் குறையும். மாற்றக்கூடியது மூச்சு விடும் விதத்தைத்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்குச் சுமார் 500 மி.லி. இழுக்கிறோம். அதில் 150 மி.லி. மூச்சுக்குழாய்களிலேயே நின்றுவிடும், ரத்தத்தைத் தொடாது. நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் காற்றறைக்குப் போவது 4,200 மி.லி. அதே ஆள் 250 மி.லி. வீதம் 24 முறை மேலோட்டமாக மூச்சு விட்டால்? இழுக்கும் மொத்தக் காற்று அதே 6 லிட்டர்தான், ஆனால் காற்றறைக்குப் போவது வெறும் 2,400. அதனால் நிதானமாக, ஆழமாக விடுங்கள். நடை, நீச்சல் எல்லாம் இதயத்தையும் தசைகளையும் பழக்கும். இருக்கிற காற்றை உடல் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும்.

சரி, அறிக்கையில் எதைப் பார்ப்பது? முதல் நொடியில் எவ்வளவு ஊதினீர்கள் என்பதை. உங்கள் வயதில் மொத்தத்தில் முக்கால் பங்குக்கு மேல் முதல் நொடியிலேயே வந்துவிட வேண்டும். 70 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கலாம். அந்தத் தாளோடு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். உதடு சரியாக மூடாமல் ஊதினாலும் அளவு குறைவாகக் காட்டும், அதனால்தான் மூன்று முறையாவது ஊதச் சொல்வோம். உங்களை ஒரே முறைதான் ஊதச் சொன்னார்களா?