மூச்சிரைக்காத ஆல்பிரெக்ட்

அன்பின் ஐயாவுக்கு,

கொக்குவிலில் வீட்டோடு சில பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். கனடாவில் இருக்கும் அக்கா 'ஜிசெல்' என்ற பாலேயின் ஒளிப்பதிவை அனுப்பியிருந்தார். பிள்ளைகளோடு இருந்து பார்த்தேன். முதல் பாதியில் கிராமமும் காதலும் விளங்கின. இரண்டாம் பாதியில் வெள்ளை உடுப்போடு ஒரு கூட்டம் வந்து ஆடிக்கொண்டே இருந்தது, கதை எங்கே போனது என்று தெரியவில்லை. முடிந்ததும் ஒரு பிள்ளை "ரீச்சர், இது நல்ல ஆட்டமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பழக்கமில்லாத ஒரு கலையை நல்லது, கூடாது என்று சொல்ல எங்களுக்குத் தகுதி உண்டா?

ச., கொக்குவில்

அன்பின் ச.,

தகுதி உண்டு, உங்களுக்கு நிறையவே உண்டு. காத்தவராயன் கதையை ஆடுகிற காத்தான் கூத்துக்குப் போகிற எவரும் கடைசியில் என்ன நடக்கும் என்று அறியப் போவதில்லை. கழுமரம் வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், இந்தக் காத்தான் அதில் எப்படி ஏறுகிறான் என்று பார்க்கத்தான் விடியவிடிய இருக்கிறோம். பாலேக்கும் அதே பழக்கம் போதும். ஆகவே முதலில் பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லிவிடுங்கள்.

1841இல் பாரிசில் முதன்முதலாக ஆடப்பட்டது இது. ஆல்பிரெக்ட் என்ற பிரபு குடியானவன் வேடத்தில் வந்து ஜிசெலைக் காதலிக்கிறான். அவனுக்கு ஏற்கெனவே பெண் நிச்சயமாகியிருப்பது தெரியவர, அவள் சித்தம் கலங்கிச் செத்துப்போகிறாள். நீங்கள் பார்த்த அந்த வெள்ளை உடுப்புக் கூட்டம் விலிகள், கல்யாணத்துக்கு முன்பே இறந்த பெண்களின் ஆவிகள். இரவில் அகப்படுகிற ஆணை ஆடவைத்தே கொல்லுவார்கள். மோகினிக் கதை கேட்டு வளர்ந்த ஊரில் இதை விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை.

சரி, எதைப் பார்ப்பது? முதல் அங்கத்தில் ஜிசெல் ஒரு பூவின் இதழ்களைப் பிய்த்துப் பிய்த்து, இவன் என்னைக் காதலிக்கிறானா இல்லையா என்று பார்ப்பாள். 'இல்லை' என்று வந்துவிடும்போல இருக்கும், அவன் களவாக ஒரு இதழைப் பிடுங்கிக் கணக்கைச் சரிக்கட்டுவான். சித்தம் கலங்கிய பிறகு அவள் கையில் இல்லாத பூவிலிருந்து மறுபடி இதழ் பிய்ப்பாள், முன்பு கேட்ட இசையும் திரும்பி வரும், அவனோடு சந்தோஷமாக ஆடிய அதே அடிகளைத் தொடங்கிப் பாதியில் மறந்து நிற்பாள். நல்ல ஆட்டக்காரி என்றால் அந்த அடி இப்போது உடைந்து வருவது உங்களுக்குத் தெரியும். தலைமயிரை விரித்துப்போட்டு மேடை முழுக்க ஓடுவது மட்டும்தான் மனதில் நின்றதென்றால் அவள் தோற்றுவிட்டாள் என்றே சொல்வேன். பரதத்தில் பதம் என்கிற அபிநயப் பாட்டின் ஒரே வரியைப் பத்து விதமாகப் பிடிக்கப் பழக்குகிற உங்களுக்கு இந்த வித்தியாசம் படாமல் போகாது.

இரண்டாம் அங்கத்தில் கதை எங்கும் போகவில்லை, ஆட்டமே கதையாகிவிடுகிறது. விலிகளின் அரசி மிர்த்தா ஆல்பிரெக்டைச் சாகும்வரை ஆடச் சொல்கிறாள், ஜிசெலின் ஆவி அவனை விடியும்வரை காப்பாற்றப் பார்க்கிறது. பல தயாரிப்புகளில் அவன் அந்தரத்தில் காலை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டு தொடர்ந்து துள்ளுவான், சனம் கைதட்டும். கைதட்டட்டும், ஆனால் அந்தத் துள்ளல் அவனுக்குத் தண்டனை. ஒவ்வொன்றும் அவன் உயிரில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போவதாகத் தெரிய வேண்டும். எவ்வளவு உயரம் துள்ளினாலும், பரிசு வாங்கியவன்போலச் சிரித்துக்கொண்டு நின்றால் நான் அதை மோசமான ஆட்டம் என்பேன். 'அன்னப்பறவை ஏரி' என்ற இன்னொரு பாலேயில், இளவரசனின் காதலியைப்போல உருமாறி அவனை ஏமாற்ற வருகிற ஒடீல் ஒற்றைக் காலில் நின்று சுற்றுகிற 32 சுற்றும் இப்படித்தான். சிலர் எண்ணிக்கொண்டிருப்பார்கள். இளவரசன் ஏமாறுகிறானா என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஒளிப்பதிவில் ஒரு கஷ்டம் உண்டு. விலிகள் இரண்டு பக்கமிருந்தும் ஒற்றைக்காலில் துள்ளித் துள்ளி வந்து வரிசைக்குள் வரிசையாகக் கடப்பார்கள், சரியாக அந்த நேரம் பார்த்துக் கமரா யாரோ ஒருவரின் முகத்துக்குப் போய்விடும். அது ஆட்டக்காரர்களின் பிழை இல்லை. கிட்டடியில் எடுத்ததை வைத்துக் கூட்ட ஆட்டத்தை மதிப்பிடாதீர்கள், முழு மேடையும் தெரிகிற பதிவு கிடைத்தால் அதைப் போடுங்கள்.

அப்புறம், முதல் அங்கத்தில் ஜிசெலின் தாய் விலிகளைப் பற்றிக் கையால் கதை சொல்லி எச்சரிக்கிற இடம் உங்கள் பதிவில் இருக்கிறதா பாருங்கள், சில தயாரிப்புகளில் சுருக்கிவிடுவார்கள். இருந்தால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளிடம் அவள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். முஷ்டி பிடித்த இரண்டு கையையும் மணிக்கட்டில் குறுக்கே வைத்துக் கீழே இறக்கினால் சாவு. அந்த ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும், முத்திரை பழகுகிற பிள்ளைகள் மிச்சத்தைத் தாங்களே பிடித்துவிடுவார்கள்.